போன தடவை

டான்யூப் ஆற்றங்கரை மருத்துவமனையில் குண்டு வெடித்தால் என்ன செய்வது என்ற ஒத்திகை அன்றுதான் முதன்முறையாக நடந்தது. காயம்பட்டவர்களாக நடிக்க வந்தவர்கள் சாயத்தைப் பூசிக்கொண்டு நடைக்கூடத்தில் படுத்திருந்தார்கள். தாதி ஸ்வெதானா ஒவ்வொருவரையும் சோதித்துச் சீட்டுக் கட்டினாள். உடனே காப்பாற்ற வேண்டியவருக்குச் சிவப்பு, இறந்தவருக்குக் கறுப்பு.

சுவரோரம் படுத்திருந்தவரின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி இல்லை. கழுத்திலும் இல்லை.

அவர் கண்ணைத் திறந்தார். "கறுப்பே கட்டுங்க சிஸ்டர். போன தடவையும் அதான் கட்டுனீங்க."

"போன தடவையா? இதானே முதல் தடவை!"

"அந்தப் பக்கவாட்டுக் கதவு பூட்டியிருந்துச்சு. ஸ்ட்ரெச்சரைச் சுத்திக் கொண்டு வர்றதுக்குள்ள நேரமாயிடுச்சு."

அவள் எழுந்தாள். போய்ப் பார்த்தாள். கதவில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது. காவலர் யாங்கோவை அழைத்தாள்.

"சாவி தொலைஞ்சு வருஷக்கணக்காச்சும்மா. ஒத்திகைக்குப் போய் யாராவது பூட்டை உடைப்பாங்களா?"

"உடைங்கண்ணே. கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

பூட்டு உடைந்தது. திறந்த கதவு வழியாக ஆற்றுக் காற்று உள்ளே வந்தது.

அவள் திரும்பி வந்தபோது சுவரோரம் படுத்திருந்தவர் கையை நீட்டிக் காத்திருந்தார். விரலை வைத்தாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல ஒரு துடிப்பு. இன்னொன்று.

ஸ்வெதானா சிவப்புச் சீட்டைத் தேடினாள்.