ரெட்டை கார்புரேட்டர்

"வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிருங்க பாய். எங்கப்பாவை ஏன் இப்படி இழுத்தடிக்கறீங்க?"

பெங்களூரிலிருந்து போனில் சத்தம் போட்டது நவீன்குமார். ஷெட்டில் கிடந்த அப்பாவின் பழைய ஸ்போர்ட்ஸ் காரை, அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு ஓட வைத்துக் கொடுக்கச் சொல்லி சேலத்து மெக்கானிக் அல்தாப்பிடம் ஒப்படைத்தது அவன்தான்.

எங்கே கோளாறு என்று அல்தாப்புக்கே பிடிபடவில்லை.

ரெண்டு சீட்டு, நாலு சிலிண்டர்; முன் ரெண்டுக்கு ஒன்று, பின் ரெண்டுக்கு ஒன்று என்று பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்க ரெட்டை கார்புரேட்டர். ரெண்டையும் அக்கு அக்காகக் கழற்றி, கழுவி, தேய்ந்ததையெல்லாம் மாற்றிப் புதுசாக்கினான். ஒர்க்‌ஷாப்பில் வண்டி பட்டு மாதிரி ஓடியது. அவனே திருச்செங்கோட்டில் நவீனின் அப்பா வீட்டுக்கு ஓட்டிப் போய் விட்டுவிட்டு வந்தான். மறுநாள் காலையில் வாசலைத் தாண்டுவதற்குள் இருமியது, புகைந்தது, நின்றது.

போய்ச் சரி செய்தான். ரெண்டே நாள். மறுபடியும் அதே கதை.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தான். முன்பக்க ரெண்டும் பெட்ரோல் அதிகமாகிக் கரி பிடித்திருந்தன. பின்பக்க ரெண்டும் பெட்ரோல் போதாமல் வெளுத்திருந்தன. ஒரே டேங்க், ஒரே பம்ப். அதெப்படி?

பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ, கார்புரேட்டருக்கு ஒன்று. ரெண்டையும் சரியாக வைத்து, திரும்பினால் தெரியும்படி சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டுவிட்டு வந்திருந்தான். இப்போது மறுபடியும் போன்.

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

போர்வெல் போடும் ரிக் வண்டித் தொழிலை விட்டுவிட்டு ஓய்வாக இருப்பவர் நவீனின் அப்பா தனபால். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

"வாங்க தம்பி. பழைய வண்டின்னா அப்படி இப்படித்தானுங்க இருக்கும். பாருங்க, குளிச்சுட்டு வாரேன்."

பானெட்டைத் திறந்தான். ரெண்டு கோடுகளும் இடம் மாறியிருந்தன.

மோர் கொண்டுவந்தார் தனபாலின் மனைவி சாலம்மாள்.

"அக்கா, இதுல யாரோ கை வச்சிருக்காங்க."

நீட்டிய டம்ளர் அப்படியே நின்றது. குளியலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நாந்தான் சாமி. நீங்க திருகறதைப் பாத்து வச்சுக்கிட்டேன்."

"ஏனுங்கக்கா? என் பேரே கெட்டுப் போச்சே!"

"அவருக்குக் கண்ணு மங்கிட்டு வருது. இனி வண்டியே ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். எங்கிட்ட மூச்சு விடலை. சட்டை தொவைக்கறப்ப பையில சீட்டு கெடச்சுது, பக்கத்தூட்டு நர்ஸ் புள்ளை படிச்சுச் சொல்லுச்சு. இந்தக் கண்ண வச்சுக்கிட்டு என்னைய மேட்டூருக்குக் கூட்டிட்டுப் போறாராம்! பையன் ஆசையாச் செஞ்சது, வேண்டான்னு எப்படிச் சொல்ல? பழி வண்டி மேல போகட்டும்னு நெனச்சேன். உங்க மேல விழும்னு தோணாமப் போச்சே சாமி."

அல்தாப் கையிலிருந்த ஸ்பேனரைப் பைக்குள் போட்டான்.

"விடுங்கக்கா. என்னால முடியலைன்னு நானே சொல்லிக்கறேன்."

சாலம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆனா ஒண்ணு. பின்னாடி ஸ்க்ரூவை மூடுனீங்க, சரி. முன்னாடி இருக்கறதை எதுக்கு இவ்வளவு திறந்து வச்சீங்க?"

"முன்னாடியா? அதை நான் தொடவே இல்லியே!"

அதற்குள் தனபால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்துவிட்டார். சாலம்மாள் சட்டென்று உள்ளே போனார். ஒன்றும் விளங்காமலே அல்தாப் சொன்னான்:

"அண்ணே, மன்னிச்சுக்கங்க. இது என் கைக்கு மீறிப் போச்சு. இனி தேறாது."

தனபால் வருத்தப்படவில்லை. நிம்மதியாக மூச்சு விட்ட மாதிரிதான் இருந்தது. கேட்டுவரை கூடவே வந்தவர், தாழ்ப்பாளைக் கையால் தடவித் தேடித் திறந்தார். வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பு உங்க மேல இல்லைங்க தம்பி. முன்னாடி ஸ்க்ரூவைத் திருகி விட்டது நாந்தான். எனக்குக் கண்ணு போகுதுன்னு தெரிஞ்சா சாலா தாங்க மாட்டா. அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."