பழைய டயர் நாலு

"நாலையும் துண்டு துண்டா வெட்டணும். என் கண்ணு முன்னாடி வெட்டணும். புரிஞ்சுதா?"

இரும்புத் தடி மேசைமேல் இறங்கியது. கண்ணாடி சிதறியது. அடுத்த வீச்சில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நொறுங்கின. அதற்கடுத்தது டயர்க்கடைக்காரனின் வாயில் விழுந்தது. இரண்டு பல் தரையில் தெறித்தன.

"புரிஞ்சுதுங்க சார்," என்றான் கடைக்காரன், ரத்தத்தை விழுங்கிக்கொண்டே. "புதுசு மாட்டிட்டு, பழைய டயர் நாலையும் வெட்டிடறேன்."

பக்கத்தில் நின்ற அவன் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருவே அவள் புருஷனைப் 'பஞ்சு' என்றுதான் கூப்பிடும். அதற்காகப் பல் உடைந்த வாயால் 'சார்' வேறு போட வேண்டுமா?

தடியோடு நின்றவன் பஸ் கம்பெனி முதலாளியின் மகன். அப்பா வாங்கிக் கொடுத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஜாக்கியில் தூக்கி நிறுத்தியபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். பின்பக்க டயரில் அம்பு அம்பாகப் பள்ளங்கள். நடுவில் ஒரே ஒரு அம்பு மட்டும் பிய்ந்து போயிருந்தது.

நேற்று ஆஸ்பத்திரியில் அவள் தம்பியின் வெள்ளைப் பேண்ட்டில் பதிந்திருந்ததும் இதே தடம்தான். இதே இடத்தில் ஒரு அம்பைக் காணோம். இரண்டு காலும் நசுங்கி, இன்னும் கண் திறக்காமல் கிடக்கிறான் தம்பி. "இடிச்சது யாருன்னு பாத்த ஆள் இல்லம்மா. அந்த டயர் மட்டும் கையில கிடைக்கட்டும், அவனை உள்ள தள்ளிடறேன்" என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவனும் அந்த டயரைப் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"சார், நீங்க உள்ள போய் புது வீல் பாருங்க. அதுக்குள்ள நான் பின்னால மெஷின்ல பழசைக் கழட்டிடறேன்."

பஸ்காரர் மகன் அவள் தலைமுடியைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனான். "காட்டுடி!" பிடிக்காத வீல் ஒவ்வொன்றுக்கும் தடியால் ஒரு அடி விழுந்தது. கடைசியில் பளபளவென்று கறுப்பாக இருந்த ஒன்றைக் காலால் எத்தினான்.

"இதேதான். இதே மாதிரி நாலு எடு."

அது முன் சக்கரத்துக்கானது. அந்தக் காருக்குப் பின் சக்கரம் நாலு விரல் அகலம் கூட. ஓட்டுகிற மகாராஜனுக்கு அதுகூடத் தெரியவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு என்று தானே எடுத்து வைத்தாள்.

வெளியே வந்தால் இன்னொரு கூத்து. பின்கட்டில் மலையாகக் குவிந்து கிடக்கும் பழைய டயர்களுக்கு முன்னால், இரண்டு டயரை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சாக்கு விரித்து, புருஷன் ஆசனம் தயார் செய்திருந்தான். "நாற்காலி உடைஞ்சுபோச்சுங்க. இதுல உக்காருங்க சார்." சாக்கைத் தன் சட்டையாலேயே துடைத்தும் விட்டான்.

பஸ்காரர் மகன் எக்கி ஏறி உட்கார்ந்தான். கால் தரைக்கு எட்டவில்லை. குதிகாலால் டயரை உதைத்துக்கொண்டே அதிகாரம் செய்தான். புது டயரைப் புது வீலில் ஏற்றி, காரில் மாட்டி, நட்டை முறுக்கும் வரைக்கும் கடைக்காரனின் முதுகில் தடி நாலு தடவை விழுந்தது.

பிறகு கட்டிங் மெஷின் அலறியது. முதல் டயர் இரண்டாகப் பிளந்தபோது, தம்பியையே மறுபடி நசுக்குவதுபோல இருந்தது அவளுக்கு. வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பஸ்காரர் மகனின் மண்டையைக் குறிவைத்துப் பாய்ந்தாள்.

நடுவில் புருஷன் விழுந்து தடுத்தான். மணிக்கட்டை முறுக்கி ஸ்பேனரைப் பிடுங்கினான். திமிறியவளைச் சுவரோடு தள்ளினான். பன்னிரண்டு வருஷத்தில் அவள்மேல் கை வைக்காதவன், அன்றைக்கு வைத்தான்.

"சபாஷ்டா! பொண்டாட்டின்னா இப்படித்தான் அடக்கி வெக்கணும்!" பஸ்காரர் மகன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

நெற்றியில் வழிந்த ரத்தத்தினூடே அவள் பார்த்துக்கொண்டே கிடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எல்லாம் ஒரே அகலத் துண்டுகளாகக் குவிந்தன. தம்பிக்கு இருந்த ஒரே சாட்சியும் போயிற்று.

பஸ்காரர் மகன் குதித்து இறங்கினான். போகிற போக்கில் கடைக்காரனின் கையைப் பூட்ஸ் காலால் மிதித்து நசுக்கினான். "வாயத் தொறந்தே, அடுத்தது உன் கழுத்துதான்." கார் உறுமிக்கொண்டு பறந்தது.

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"என் தம்பி காலை நசுக்கினவனுக்கு ஆசனம் போட்டுக் குடுத்து, சாட்சியையும் வெட்டிப்போட்டியே! நீயெல்லாம் ஒரு மனுஷனா?" வாழ்க்கையில் முதல் தடவையாக அவனை 'நீ' என்றாள்.

அவன் தெருப்பக்கம் திரும்பினான். காரின் சத்தம் தெருமுனை தாண்டி அடங்கும் வரைக்கும் காதைத் தீட்டி நின்றான். பிறகு, நசுங்காத கையால் ஆசனத்தின் மேலிருந்த சாக்கை உருவினான். அடியில் அகலமான இரண்டு டயர். மேல் டயரில் வரிசையாக அம்புகள், நடுவில் ஒன்றைக் காணோம்.

"இன்ஸ்பெக்டருக்குப் போன் போடு," என்றான். "பின் டயருக்குப் பதிலா குவியல்ல இருந்து ரெண்டை வெட்டினேன். அவன் டயர் மேலதான் அவனையே உக்கார வெச்சிருந்தேன்."