சாமி கொடுத்த சம்மதம்

“யாராவது வற்புறுத்தினாங்களா ஐயா?” என்று கேட்டாள் ஜாய்ஸ்.

“சாமிதான் தாயி வற்புறுத்துச்சு,” என்றார் அழகுமலை.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்த ஜாய்ஸின் விரல் அப்படியே நின்றது. நடுக்குவாதத்துக்கு வந்திருக்கும் புது மாத்திரையை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சி அது. ஆஸ்பத்திரியில் அதற்கு ஆள் சேர்ப்பது அவள் வேலை. இன்னும் ஒரே ஓர் இடம் பாக்கி. இன்று மாலையோடு கதவைச் சாத்திவிடுவார்கள். ஆனால் சேருகிறவர் தன் சொந்த விருப்பத்தில்தான் சேர வேண்டும் என்பது கறாரான விதி. மனைவி வற்புறுத்தினால் என்ன செய்வது, மகன் வற்புறுத்தினால் என்ன செய்வது என்றெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சாமி வற்புறுத்தினால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை.

போன வாரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, “என்னையென்ன எலின்னு நெனச்சீகளா?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனவர்தான் அழகுமலை. வலது கை நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. டீ வாங்கினால் பாதியை அவர் குடித்தார், மீதியை வேட்டி குடித்தது. அன்றைக்கு அவர் பின்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள் மனைவி ரெங்கம்மாள். இன்றோ பரவை ஊருக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு அவராகவே கிளம்பி வந்து உட்கார்ந்திருக்கிறார்.

ஊர்க் கருப்பசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்களாம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்பு. பூசாரி அவற்றை வாங்கிப் போய்ச் சாமி காலடியில் வைத்து எடுத்து வந்து நீட்ட, அழகுமலை ஒன்றை எடுத்தார். வெள்ளை வந்தால் சேர்வது. சிவப்பு வந்தால் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. வெள்ளை வந்துவிட்டது.

“எங்க வேலையும் அதேதான் ஐயா,” என்று விளக்கினாள் ஜாய்ஸ். “இங்க கம்ப்யூட்டர் பூக்கட்டிப் போடும். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.”

“அப்ப இங்கயும் யாரும் களவாணித்தனம் பண்ண முடியாதுல்ல,” என்று அழகுமலை திருப்தியாகச் சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், ரெங்கம்மாள் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

“தாயி, யார்கிட்டயும் சொல்லிராத. பொட்டலம் கட்டுனது நான்தான். ரெண்டுலயும் வெள்ளைப் பூவத்தான் வெச்சேன். சாமி கோவிச்சுக்கிட்டா நான் பாத்துக்கிறேன்.”

ஜாய்ஸ் பேனாவை மூடி வைத்தாள். இது சம்மதமா, சதியா? கடைசி இடம் காலியாகவே கிடந்தாலும் பரவாயில்லை, ஒரு மனுஷனை ஏமாற்றிச் சேர்க்க அவள் மனம் ஒப்பவில்லை. ரெங்கம்மாளைக் காபி வாங்க அனுப்பினாள். அழகுமலை திரும்பி வந்ததும், சாமியும் வேண்டாம், பூவும் வேண்டாம், உங்களுக்கு இஷ்டமா இல்லையா என்று நேராகவே கேட்டாள்.

அழகுமலை கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எங்க வீட்டுக்காரியப் பத்தி எனக்குத் தெரியாதா தாயி? ரெண்டுலயும் வெள்ளையத்தான் வெச்சிருப்பா. அதான் அவ தேங்கா வாங்கப் போன நேரம் பாத்து அதத் தூக்கிப் போட்டுட்டு, நான் கட்டுன பொட்டலத்த வெச்சுட்டேன். இந்தக் கைய வெச்சுக்கிட்டு நூல் சுத்துறதுக்குள்ள உசுரு போயிருச்சு. ரெண்டுலயும் செவப்பு.”

“அப்புறம் எப்படி வெள்ளை வந்துச்சு?”

“அதத்தான தாயி நானும் கேக்குறேன்.” இப்போது கை மட்டுமல்ல, அவர் உடம்பே நடுங்கியது. “செவப்ப வெச்சு வெள்ளைய எடுத்தா, அது சாமி இல்லாம வேற யாரு? இம்புட்டு நாளும் பயத்துலதான் எலி அது இதுன்னு பேசுனேன். கருப்பன் கூடவே வாரான்னு தெரிஞ்ச பின்னாடி எனக்கென்ன பயம்? இப்ப எனக்கே ஆசையா இருக்கு. பேனாவக் குடு.”

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஜாய்ஸுக்கே உடம்பு புல்லரித்தது. மனதார ஆசைப்படுகிறவரை எந்த விதி தடுக்கும்? பேனாவைக் கொடுத்தாள். கொடைக்கானல் ரோடு மாதிரி வளைந்து வளைந்து ஒரு கையெழுத்து விழுந்தது. காபியோடு வந்த ரெங்கம்மாள் அதைப் பார்த்துக் கண் கலங்கினாள். இருவரும் ரத்தப் பரிசோதனைக்குச் சந்தோஷமாக நடந்தார்கள்.

அடுத்து உள்ளே வந்தவர் கருத்தக்கண்ணன். அதே கருப்பசாமி கோயிலின் பூசாரி. அவர் கை நடுங்கினால் சாமி வந்துவிட்டது என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அவரோ யாருக்கும் தெரியாமல் இந்த ஆராய்ச்சியில் முதல் ஆளாகச் சேர்ந்திருந்தார்.

“அழகுமலை கையெழுத்துப் போட்டுட்டானா தாயி?” என்று உட்காரும் முன்பே கேட்டார்.

போட்டுவிட்டார், உங்கள் சாமி பெரிய சாமிதான் என்றாள் ஜாய்ஸ், சிலிர்ப்பு அடங்காமல்.

“சாமி பெருசுதான்,” என்றபடி பூசாரி நடுங்கும் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். “ஆனா உள்ள போனதும் அவுக பொட்டலத்த எடுத்துட்டு, ரெண்டுலயும் வெள்ளையக் கட்டி வெச்சது நான்தான். மாசாமாசம் ரெண்டு பஸ்ஸு மாறி ஒத்தையில வர முடியல தாயி, துணைக்கு ஒரு ஆள் வேணாமா?”