‘ரெஃப்யூஸ்ட்’

"வாங்க மாட்டேன்னா வாங்க மாட்டேன். வந்த வழியே கொண்டு போ!"

செல்வலட்சுமி தையல் மெஷினைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. வாசலில் தபால்காரர் ஒச்சப்பன் நீளமான ஒரு கவரோடு நின்றுகொண்டிருந்தார்.

மலையாள ஊரான கொச்சங்காடியில் இந்த ஒற்றை அறைதான் இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு வீடும் கடையும். கட்டடம் கைமாறிவிட்டதாகப் பேச்சு. கவருக்குள் இருப்பது காலி செய்யச் சொல்லும் வக்கீல் நோட்டீஸ் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

"அப்படிச் சொல்லு அக்கா!" என்றார் பக்கத்தில் நின்ற வெங்கிடேஷ். யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர். மூன்று நாளாக வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து தைரியம் சொல்கிறார். "ரிஜிஸ்தரை வாங்கினாத்தானே நோட்டீஸ்? வாங்கலைன்னா அவன் என்ன செய்ய முடியும்?"

தபால் இலாகா ரிஜிஸ்தர் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டது. ஆனாலும் கையெழுத்துக் கேட்கும் எந்தக் கவரும் இந்தத் தெருவுக்கு ரிஜிஸ்தர்தான்.

ஒச்சப்பன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எனக்கென்ன சேதம்? ரெண்டு நாளா இதே கவர்மேல 'டோர் லாக்டு'ன்னு எழுதினேன். இன்னைக்கு 'ரெஃப்யூஸ்ட்'னு எழுதறேன்."

"எழுது!"

"எழுதறேன். எழுத்து வாசனை இல்லாதவங்க, காகிதத்தைக் கண்டாலே கை நடுங்கறவங்க, எல்லாருக்கும் நான் எழுதற வார்த்தை அதுதான்."

மெஷின் சக்கரம் நின்றது.

"யாருக்குய்யா நடுங்குது?"

"உனக்குத்தான். பூட்டின கதவுக்குப் பின்னால ரெண்டு நாளா மூச்சை அடக்கிட்டு உட்கார்ந்திருந்தது யாரு? உங்க ஊர்க்காரங்களுக்கு வாயில்தான் வீராப்பு."

தெருவில் யாரோ சிரித்தார்கள்.

"ஏய் ஒச்சப்பா!" வெங்கிடேஷ் அதட்டினார். "ஒரு பொம்பளைகிட்டப் பேசற பேச்சா இது? எழுதிட்டு நடையைக் கட்டு!"

"கோவிச்சுக்காதீங்க சேட்டா. தன் பேரையாவது இதுக்கு எழுதத் தெரியுமா, இல்லை கைநாட்டான்னு கேட்டேன். வேற ஒண்ணுமில்லை."

செல்வலட்சுமி எழுந்தாள். மடியிலிருந்த ரவிக்கைத் துணி தரையில் விழுந்தது.

"பேனாவைக் குடு."

"அக்கா, வேண்டாம். அவன் உன்னைச் சீண்டறான்!"

"விடுங்க சேட்டா. கோவில்பட்டியில எட்டாவது வரைக்கும் வகுப்புல முதல் மார்க் எடுத்தவ நான். என்னையா கைநாட்டுங்கறான்?"

அக்னாலெட்ஜ்மென்ட் அட்டையில் இனிஷியலோடு முழுப் பெயரையும் அழுத்தி எழுதினாள். கவரை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"எங்கே நடுங்குது, இப்பப் பாரு!"

ஒச்சப்பன் பார்க்கவில்லை. அட்டையைப் பைக்குள் செருகிக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

"போச்சு! கெடுத்துட்டியே அக்கா!" என்று வெங்கிடேஷ் தலையில் அடித்துக்கொண்டார். கவரில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

அடுத்த கால் மணி நேரத்தில் செல்வலட்சுமி தபாலாபீஸில் நின்றாள்.

"மேடம், உங்க தபால்காரர் மேலே புகார் குடுக்கணும். தெருவே பார்க்க என்னைக் கைநாட்டுன்னு சொன்னான்."

போஸ்ட்மாஸ்டர் அம்ருதா நிமிர்ந்து பார்த்தாள்.

"குடுக்கலாம் சேச்சி. கையில் அது என்ன?"

"அவன் குடுத்த கவர்தான். இங்கிலீஷ்ல இருக்கும்."

"பிரிங்க, வாசிக்கிறேன்."

அம்ருதா ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். காலி செய்ய வேண்டும், மறுப்பு இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும், தராவிட்டால் வழக்கு.

"இதுக்குத்தான் வாங்கக் கூடாதுன்னு இருந்தேன். ரோஷத்துல வாங்கித் தொலைச்சிட்டேன்."

"வாங்காம இருந்தா தப்பிச்சிருப்பீங்கன்னு யார் சொன்னது? 'ரெஃப்யூஸ்ட்'னு எழுதின கவர் கோர்ட்டுக்குப் போனா, நீங்க கையில வாங்கினதுக்குச் சமம். உள்ளே என்ன இருந்ததுன்னு உங்களுக்கு மட்டும் தெரியாம இருந்திருக்கும். பதினஞ்சு நாளும் சும்மா போயிருக்கும்."

செல்வலட்சுமி கவுன்டர் பலகைமேல் குனிந்து நோட்டீஸைப் பார்த்தாள்.

"இதை அனுப்பினது யாரு மேடம்?"

"ஒரு வக்கீல். கட்டடத்தைப் புதுசா வாங்கினவருக்காக." அம்ருதாவின் விரல் வரியில் நகர்ந்து நின்றது. "வெங்கிடேஷ். ஜூ டவுன்ல பழம்பொருள் கடை."

வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது. செல்வலட்சுமி அந்த வரியில் தானும் விரலை வைத்துப் பார்த்தாள்.

"உங்க ஒச்சப்பனுக்கு இது தெரியுமா?" என்றாள்.

"கவருக்குள்ள இருக்கிறது அவருக்குத் தெரியாது. ஆனா இந்த வக்கீல் ஆபீஸ் கவர் வேற யார் கடைக்கு வருதுன்னு தெரியும். அதையும் அவர்தானே கொண்டு போறார்."

"அதை நல்ல வார்த்தையாச் சொல்லக் கூடாதா?"

"யாரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு?"

செல்வலட்சுமி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"மேடம், பதில் எழுதணும். ரிஜிஸ்தர்லயே அனுப்புங்க. இப்ப அந்த ஆளு வாங்க மாட்டேன்னு சொல்லட்டும், பார்த்துடலாம்!"

அம்ருதா மேஜை டிராயரைத் திறந்து இரண்டு வெள்ளைத் தாள்களை எடுத்து நீட்டினாள்.

"ஒண்ணு போதுமே மேடம்?"

"ஒச்சப்பன் சேட்டன் காலையில பையைத் தூக்கும்போதே சொல்லிட்டுப் போனார்: 'இன்னைக்கு ஒரு தையல்காரம்மா என்னைத் திட்டிக்கிட்டே வரும். கையில கவர் இருந்தா ரெண்டு தாள் குடுங்க. ஒண்ணு பதில் எழுத. இன்னொண்ணு என் மேல புகார் எழுத.'"