முன்வரிசையில் ஒரு சந்தேகம்

குடியும் புகையும் மூளையை என்ன பாடு படுத்துகின்றன என்று டாக்டர் கிரான்யா விளக்கியபோது, டிங்கிள் ஊர் மண்டபத்தில் தூங்காமல் கேட்டவன் முன்வரிசை ஃபிண்டன் ஒருத்தன்தான்.

"டாக்டரம்மா, பீர் உள்ள போனா ஏன் சிகரெட் கேக்குது?"

"ரெண்டுமே மூளையில டோபமைனைக் கிளப்பிவிடும். 'இன்னும் வேணும்'னு நச்சரிக்கிறது அதுதான். ஒண்ணு இன்னொண்ணைக் கூப்பிடும்."

"அப்ப, தம் அடிக்க வெளிய போனவனுக்கு?"

"மறுபடி பீர் கேக்கும்."

"அவன் அப்படியே வீட்டுக்குப் போயிட்டா?"

"தப்பிச்சான்! பப்புல பீர் ஊத்துற குழாய் மட்டும் கண்ணுல படக் கூடாது. பார்த்தாலே டோபமைன் எகிறிடும்."

"பார்த்தாலே போதுமா!" ஃபிண்டன் தலையைத் தலையை ஆட்டினான்.

ஒருத்தனாவது திருந்துவான் என்று கிரான்யாவுக்கு மனசு நிறைந்தது.

மறுவாரம் கடைத்தெருவில் அவளை யாரோ கூப்பிட்டார்கள். பப்பை ஒட்டி, புகைபிடிப்பவர்கள் ஒதுங்கும் கொட்டகையிலிருந்து ஃபிண்டன் கையசைத்தான். பப்பின் சுவரில் புத்தம்புதுக் கண்ணாடி ஜன்னல். அதற்கு நேரே, உள்ளே, பீர்க்குழாய்.

"நீங்க சொன்னது அப்படியே பலிச்சுது டாக்டரம்மா! தம் அடிக்க வந்த ஒருத்தனும் இப்ப வீட்டுக்குப் போறதில்ல. உங்க புண்ணியத்துல என் பப் பிச்சுக்கிட்டுப் போகுது!"

திட்டத்தான் வாயைத் திறந்தாள் கிரான்யா. ஜன்னலுக்குள் கருப்பு பீர் நுரைத்து இறங்கியது.

திறந்த வாயில் எச்சில் ஊறியது.