மூன்று தொட்டிகளும் ஒரு மேனேஜரும்

"சார், பிரிச்சுப் போடுங்க. சாப்பாட்டு மிச்சம் பச்சையில, பேப்பர் நீலத்துல, பிளாஸ்டிக் மஞ்சள்ல."

மலர்க் கண்காட்சிப் பந்தல் வாசலில் குப்பைத் தொட்டிகளுக்குக் காவலாக நின்ற அம்மா சொன்னார்.

ரிட்டையர்டு மேனேஜர் காபிக் கப்பைக் கைக்கு எட்டிய தொட்டியில் வீசினார்.

"பிரிக்கிறது உன் வேலை. குடிக்கிறது என் வேலை."

"சுத்தத்துக்கு மார்க் போட நகராட்சி மேடம் வர்றாங்க சார். குப்பை கலந்து கிடந்தா அடுத்த வருஷம் மைதானமே கிடையாதாம். என் வேலையும் போயிடும்."

"ஊர்க் கவலை எனக்கெதுக்கு?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிப் பழக்கமும் இல்லை.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து வேகவைத்த சோளம் வாங்கிச் சாப்பிட்டார்கள். சோளமணி ஒன்று மேனேஜரின் பல்செட்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. பல்செட்டைக் கழற்றி, காகிதத்தில் சுற்றித் தட்டோரம் வைத்தார். மிச்சத்தை ஈறாலேயே மென்றுவிட்டு, எழுந்து போய்த் தட்டு, கப்பு, பாட்டில் எல்லாவற்றையும் மொத்தமாகத் தள்ளிவிட்டு வந்தார்.

"சாயங்காலம் சம்பந்தி வீட்டு விருந்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றாள் மனைவி.

பதில் சொல்ல வாயைத் திறந்தவர், அப்படியே கையால் பொத்திக்கொண்டு தொட்டிப் பக்கம் ஓடினார்.

எந்தத் தொட்டியில் போட்டோம் என்று பார்த்துப் போட்டவரா அவர்? முதலில் பச்சைக்குள் தலையை விட்டார்.

"எடுக்கிறதைக் கீழே போடாதீங்க சார்! அதது அததோட தொட்டிக்குப் போகணும். இல்லேன்னா கையே வைக்காதீங்க" என்றார் காவல் அம்மா.

சண்டை போட மேனேஜருக்கு மனசு நிறைய ஆசை, வாயில் பல் இல்லை. கையெடுத்துக் கும்பிட்டார். குனிந்தார். பாட்டில் மஞ்சளுக்கு, காகிதம் நீலத்துக்கு, சோளத் தோல் பச்சைக்கு. ஒவ்வொரு காகிதத்தையும் விரித்துப் பார்த்துப் பார்த்துப் போட்டார்.

நகராட்சி மேடம் வந்து நின்றதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"யாரும்மா இவர்?"

"எங்க வீட்டுக்காரர்தான்" என்றாள் பின்னாலேயே வந்திருந்த மனைவி.

"யார் சொல்லி இதைச் செய்யறார்?"

"யாரும் சொல்லல. தானாவே இறங்கிட்டார்."

மேடம் மூன்று தொட்டியையும் எட்டிப் பார்த்தார். பொறுக்கி எடுத்த அரிசி மாதிரி இருந்தது.

"இத்தனை கண்காட்சிக்குப் போயிருக்கேன். இப்படி ஒரு மனுஷரைப் பார்த்ததில்லை. ரெண்டு வார்த்தை பேசுங்க சார்!"

மேனேஜர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"என்ன ஒரு அடக்கம்!"

"ஆமாம்மா. நானே இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றாள் மனைவி.

முழு மார்க் போட்டு, மேனேஜர் கையில் ஒரு ரோஜாச் செடியையும் பரிசாகக் கொடுத்துவிட்டு மேடம் போனார். காவல் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மேனேஜருக்கும்தான். தொட்டி மூன்றும் பார்த்தாயிற்று. பல் இல்லை. ரோஜாவை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

மனைவி கைப்பையைத் திறந்தாள். காகிதப் பொட்டலத்தையும் தண்ணீர் பாட்டிலையும் நீட்டினாள்.

"கழுவிப் போட்டுக்குங்க."

அவர் மாட்டிக்கொண்ட வேகத்தில் பல் 'டக்' என்றது.

"இது... உன்கிட்ட எப்படி?"

"நீங்க தட்டைத் தூக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். இத்தனை வருஷமா உங்க தட்டுல எதை எடுக்கணும்னு பார்த்துப் பார்த்து எடுக்கிறவ நான்தானே?"

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? நேரா தொட்டியில போய் விழுந்தீங்க."

"அடியே! உன்னை..."

"மெதுவா, மெதுவா" என்றபடி கைப்பையை மூடினாள். "நம்ம வீட்டுக் குப்பையும் பிரிக்காமத்தான் கிடக்கு. சத்தம் போட்டீங்கன்னா, நாளைக்கு உங்க மூக்குக்கண்ணாடி காணாமப் போயிடும்."