கிலியோ டீச்சரின் சன்னல்

“ரெண்டு வாக்கியத்த ஒண்ணாச் சேர்க்கறதுக்கு எங்க மத்தியானத் தூக்கந்தான் கிடைச்சுதா உனக்கு?”

மூன்றாம் மாடிக் கதவு திறந்த வேகத்தில் கேட்டாள் கீழ்வீட்டு ஊரானியா. தூக்க நேரம் என்பதால் சண்டையும் கிசுகிசுப்பில்தான்.

“மெதுவாத்தானே சொல்றேன்?” என்றாள் கிலியோ, அதே கிசுகிசுப்பில். இங்கிலீஷ் டீச்சர்.

“மெதுவாவா! ‘மழை பெய்தது. கப்பல் கிளம்பியது. மழை பெய்தாலும் கப்பல் கிளம்பியது.’ என் கனவுலகூட இங்கிலீஷ்லதான் மழை பெய்யுது!”

கிரேக்கத் துறைமுக ஊரான கவாலாவில் அந்த நேரத்தில் துறைமுகத்து நாய்கூடக் குரைக்காது. சன்னல்களைச் சாத்திக்கொண்டு ஊரே கடலுக்கடியில் கிடப்பதுபோல் கிடக்கும். இந்தக் கட்டடத்தில் மட்டும், நடுவே காற்றுக்காக விட்ட கிணறு மாதிரியான சந்தில், டீச்சரின் வாக்கியங்கள் மிதந்து மிதந்து இறங்கும். முதலில் ஒன்று. பிறகு இன்னொன்று. கொஞ்சம் மௌனம். அப்புறம் இரண்டும் கைகோத்துக்கொண்டு.

“போதாததுக்கு நடுநடுவுல தண்ணிக் குழாய் வேற டொக் டொக்குங்குது. என் மனுஷனுக்கு நாளைக்குக் கப்பல் கம்பெனியில இன்டர்வியூ. அத்தனையும் இங்கிலீஷ்ல. பட்டறைய மூடினதுலேர்ந்து இந்த ஒரு வேலையத்தான் நம்பியிருக்கோம்.”

“இங்கிலீஷ் வருமா அவருக்கு?”

“தண்ணி பட்ட பாடாம்! ‘நல்லாத் தூங்கி எழுந்தாப் போதும், ஊரானியா’ன்னார். அதான் அவரை ரூம்ல படுக்கச் சொல்லிட்டு நான் கூடத்து சோபாவுல கிடக்கறேன். நீ தூங்க விடறியா?”

கிலியோ ஏதோ சொல்ல வாயெடுத்து, பேச்சை மாற்றிக்கொண்டாள்.

“இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோயேன்.”

“எங்க, நீ பாடம் எடுக்கற அந்த அருமைப் பிள்ளைங்க? நானே பேசிக்கறேன்.” தள்ளிக்கொண்டு உள்ளே போனாள் ஊரானியா.

ஒருவரும் இல்லை. மேசையில் பாதி தின்ற தர்பூசணி. அந்தச் சந்துப் பக்கம் பார்த்த சமையலறைச் சன்னல் விரியத் திறந்திருந்தது. அதை ஒட்டி ஒற்றை நாற்காலி.

“காலி வீட்டுக்கா பாடம் எடுக்கறே? தனியா இருந்து இருந்து கழண்டுடுச்சா உனக்கு?”

கிலியோவின் முகம் சிவந்தது.

ஊரானியாவே சன்னலை இழுத்துச் சாத்திக் கொக்கியும் போட்டாள். “நாளைக்கு அவர் போயிட்டு வர்ற வரைக்கும் இதைத் திறக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

“ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு, ஊரானியா…”

“பாக்கியைக் கனவுல முடிச்சுக்கோ.”

படியிறங்கி, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி வீட்டுக்குள் நுழைந்தாள். எட்டிப் பார்த்தால், கட்டில் காலி.

சமையலறையில் நின்றிருந்தார் அவள் புருஷன் ஸ்ட்ராட்டிஸ். பனியனோடு பாதி உடம்பு சன்னலுக்கு வெளியே. கையில் மரக்கரண்டி. அதை வைத்து, மேல்மாடிக்குப் போகும் தண்ணிக் குழாயை மெல்லத் தட்டினார்.

டொக், டொக்.

“டீச்சரம்மா… அவ தூங்கறா, பயப்படாதீங்க. அந்தக் கடைசி ரெண்டையும் இன்னும் சேர்த்துச் சொல்லலையே… கொஞ்சம் சன்னலைத் திறங்களேன்!”